மைக் இல்லாத பிறந்த நாள் பாட்டு

காரைக்குடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் தெருவில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சிறிய ஆலயம் இருக்கிறது. ரயில் வரும்போது பிரசங்கம் கொஞ்சம் நின்று, அது போன பிறகு தொடரும். அந்த ஆலயத்தின் இடது மூலையில், தூணுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கும். அதுதான் குருநாதனின் இடம்.

குருநாதன் வயரிங் வேலை செய்பவர். இளவட்டமாக இருந்தபோது ஆலயத்துக்கு ஃபேன் மாட்டத்தான் முதன்முதலில் வந்தார். ஏணி மேல் நின்றபோது கீழே பாடகர் குழு பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. அதில் மலையம்மாள் என்ற பெண்ணின் குரல் மட்டும் தனியாக மேலே ஏறி வந்தது. ஃபேன் வேலை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. குருநாதன் திரும்பிப் போகவில்லை. ஞானஸ்நானம் எடுத்தார், மலையம்மாளைக் கட்டினார், மைக் செட்டுக்குப் பொறுப்பானார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு அறிவிப்புகள் வாசித்து முடித்ததும், அந்த மாதம் பிறந்த நாள் வருகிறவர்கள் எல்லாரும் பீடத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள். சபையார் எழுந்து பாடுவார்கள். சபையின் போதகரான ஐயர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, பேரைச் சொல்லி ஜெபிப்பார். மூன்று வயதுக் குழந்தையும் நிற்கும், எண்பது வயதுப் பாட்டியும் நிற்பார். அப்போது மைக்கைக் கூட்டுவதும் ஆர்கன் சத்தத்தைக் குறைப்பதும் குருநாதன்தான்.

அவர் மட்டும் ஒரு தடவைகூடப் போய் நின்றதில்லை.

ஜூன் ஒன்று என்றுதான் அவருடைய எல்லாக் காகிதங்களிலும் இருக்கிறது. ஆனால் அது அவர் பிறந்த நாள் அல்ல. நாச்சியாபுரம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியர் போட்ட தேதி. அம்மா அவரைப் பெற்ற சில நாளிலேயே இறந்துவிட்டார். அமராவதிபுதூரில் இருந்த சின்னம்மாவைக் கேட்டால், "நீ பொறந்தன்னைக்கு நல்ல மழைப்பா" என்று மட்டும் சொல்வார். எந்த மாசத்து மழை என்று அவருக்கும் தெரியாது. அந்த மழையை மட்டும் குருநாதன் விடவே இல்லை. சபையார் பிறந்த நாள் பாட்டைத் தொடங்கும்போதெல்லாம், செம்மண் தரையில் மழை விழுவதும், முகம் தெரியாத ஒருத்தி அதை வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பதும் அவர் கண்ணுக்குள் வரும். பாட்டு முடிந்ததும் மழையும் நின்றுவிடும்.

போன வருடம் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, மைக் சரிபார்க்க அவர் ஆலயத்துக்குத் தனியாகப் போனார். சன்னல் வழியே சாயங்கால வெயில் பெஞ்சுகளின் மேல் சாய்ந்திருந்தது. வழக்கம்போல "ஹலோ, செக்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, மைக்கில் மெதுவாக, "குருநாதன்" என்றார். மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அந்தப் பேர், வேறு யாரோ கூப்பிடுவதுபோல வந்தது. சட்டென்று மைக்கை அணைத்துவிட்டார்.

மறுநாள் ஜூன் ஒன்று, ஞாயிறு. காலையில் மலையம்மாள் அவருக்குச் சட்டை தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்னங்க, இந்த வருசமாச்சும் முன்னால போயி நில்லுங்களேன். ஒவ்வொரு ஜூனுக்கும் சாலா டீச்சர் பேர வாசிக்கிறதும், நீக வயரு தேடுற மாதிரி குனியிறதும், பாக்கவே நல்லா இல்ல."

"அது வாத்தியார் எழுதுன தேதி. கர்த்தர் முன்னால நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப ஆதார்ல, ரேசன் கார்டுல எல்லாம் இருக்கே, அது?"

"அது கவருமெண்டு. அவுகளுக்கு என்னத்தத் தெரியும்."

மலையம்மாள் சிரிக்கவில்லை. "அறுவது ஆகுது. உங்க தலையில ஒரு நாளாவது கை வச்சு, உங்க பேரச் சொல்லி ஜெபிக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?" என்று கேட்டுவிட்டு, சட்டையை அவர் கையில் கொடுத்தார். அந்த ஆசை தனக்கும் இருந்ததைக் காட்டிக்கொள்ளாமல் குருநாதன் சட்டையை மாட்டினார்.

ஆராதனையின் முடிவில் சபைச் செயலர் சாலா டீச்சர் அறிவிப்புகளை வாசித்தார். தேவகோட்டையில் ஒருவருக்குப் பேத்தி பிறந்திருந்தது. ஒரு தம்பி மஸ்கட்டுக்குக் கிளம்பினான். ஒரு அம்மாவுக்குக் கண் ஆபரேசன் நல்லபடியாக முடிந்திருந்தது. பிறகு ஜூன் மாதப் பேர்கள். அதில் "குருநாதன்" என்ற பேரும் வந்தது. அவர் குனிந்தார்.

பெஞ்சுகளிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் இடம் போதாமல் இரண்டாவது வரிசை நின்றது. சபைக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஐயர் திகைத்துப்போனார்.

"போன மாதம் நான்கு பேர்தான் நின்றீர்கள். ஜூனில் மட்டும் பாதிச் சபையே பிறந்திருக்கிறதே, எப்படி?"

முன்வரிசையில் நின்ற இருளாண்டி வாயைத் திறந்தார். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு மைக் தேவையில்லை.

"ஐயா, இங்க நிக்கிற வயசாளிக எல்லாம் ஹெட்மாஸ்டர் கையெழுத்துல பொறந்தவக. வலது கையத் தலையச் சுத்தி இடது காதத் தொடச் சொன்னாரு. தொட்டோம். ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. நெசத் தேதி யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அதே கததான்" என்றது பின்னால் ஒரு குரல். "எனக்குக் காது எட்டவே இல்ல, எங்கப்பா ரெண்டு தேங்கா குடுத்தாரு" என்றார் இன்னொருவர். ஆலயம் முழுக்கச் சிரிப்பு. ஐயரும் சிரித்துவிட்டார்.

தூணுக்குப் பின்னால் குருநாதன் குனிந்தபடியே உறைந்திருந்தார். இத்தனை வருடமும் அங்கே நின்றவர்களுக்கெல்லாம், பிறந்த நாளைக் குறித்துவைத்த ஒரு அம்மா இருந்தார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வெட்கப்பட்டு யாரிடமும் கேட்டதே இல்லை.

"ஏண்டா குருநாதா!" இருளாண்டி தூண் பக்கம் திரும்பினார். "அங்குட்டு என்னத்தத் தேடுற? நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடந்தான? உனக்கு மட்டும் ஆசுபத்திரிச் சீட்டா வச்சிருக்காக? தேதி தெரியலன்னா பொறக்காமயா போயிட்ட? வாடா!"

குருநாதன் எழுந்தார். எப்படி நடந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. பெஞ்சுகள் தாமாக விலகி வழி விட்டதுபோல இருந்தது. போய் இருளாண்டி பக்கத்தில் நின்றார். அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று கத்தியது. பழக்கத்தில் அவர் மூலையை நோக்கித் திரும்பினார். அதற்குள் மலையம்மாள் பாடகர் வரிசையிலிருந்து இறங்கிப் போய், மைக் செட்டையே அணைத்துவிட்டார்.

"நீக நில்லுங்க. இன்னைக்கு இது வேணாம்."

சபையார் பாடினார்கள். குருநாதன் அந்தப் பாட்டை எப்போதும் தலைக்கு மேலிருந்த பெட்டி வழியாகத்தான் கேட்டிருக்கிறார். இப்போது அது வெறும் தொண்டைகளிலிருந்து, முதுகுப் பக்கமிருந்து, ஒரே சீராக வந்தது. தூரத்தில் தொடங்கி, கண்மாயைத் தாண்டி, ஓடுகளின் மேல் ஏறிவரும் மழைச் சத்தம் மாதிரி இருந்தது. அதற்குள் மலையம்மாளின் குரல் தனியாகத் தெரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்ப்பதுபோல அவருக்குத் தோன்றியது. முகம் தெரியவில்லை. ஆனால் அவள் பார்த்தாள்.

தலையில் ஒரு கை வந்து அமர்ந்தது. இளம் கை, கொஞ்சம் வியர்த்திருந்தது.

"குருநாதன்" என்றார் ஐயர்.

இந்த முறை அது பெட்டியிலிருந்து வரவில்லை.

பாட்டு முடிந்தது. அவர் கண்ணுக்குள் மழை மட்டும் கொஞ்ச நேரம் நிற்காமல் இருந்தது. வெளியே ரயில் ஒன்று போனது. யாரும் பேசாமல் காத்திருந்தார்கள்.