மதினி கட்டிய முகப்புப் பக்கம்

லேப்டாப்பில் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்து மதினி மெல்ல உள்ளே தள்ளுவாள். பக்கம் சுருங்கச் சுருங்க, மூன்றாக நின்ற படங்கள் இரண்டாகி, பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நிற்கும். செல்போன் அகலத்துக்கு வந்தும் ஓர் எழுத்துகூட வெளியே பிதுங்கவில்லை என்றால் என் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப், கல்லூரியில் எனக்குக் கொடுத்தது. அண்ணன் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிய பிறகு நானும் மதினியும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் உட்காருவோம். இணையத்தில் ஒரு பயிற்சி கிடைத்திருந்தது. ஒரு கடையின் இணையதள முகப்புப் பக்கத்தைப் படமாகக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து, எந்தத் திரையிலும் குலையாதபடி நாமே நிரல் எழுதிக் கட்ட வேண்டும். நான் பாதியில் விட்டுவிடுவேன். மதினி விடமாட்டாள். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து ஒரு வரியைத் திருத்துவாள். விசில் வந்தால் எழுந்து போவாள். அந்தப் பக்கத்தைத்தான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினாள். வீடியோ காலில், அவர்கள் கண்முன்னாலேயே அதை மாற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினாள். வேலை கிடைத்தது.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"இங்கன என்ன கொறச்சல் ஒனக்கு?"

"கொறச்சல்னு நான் சொல்லலங்க. கெடச்சிருக்கு, போறேன்னுதான் சொல்றேன்."

"போனா அங்கனயே இருந்துக்க."

நான் லேப்டாப் முன்னால் இருந்தேன். நான் கட்டிய பக்கத்தின் மெனு, செல்போன் அகலத்தில் இரண்டு வரியாக மடிந்துகொண்டிருந்தது. மதினி என் பின்னால் வந்து நின்றாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு தாயி. நீ சொன்னா ஒங்க அண்ணன் கேப்பாக. நான் எப்படிப் படிச்சேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது மதினி," என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்தேன். மெனு ஒரே வரியில் நின்றது.

மறுநாள் காலையில் ஒரு பையோடு பஸ் ஏறினாள். அண்ணன் தடுக்கவில்லை; தோட்டத்தில் மருந்தடிக்கப் போயிருந்தான். பிறகு பெரியவர்கள் பேசினார்கள், வக்கீல் வந்தார், விவாகரத்தில் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அவள் உட்காரும் நேரத்திலும் நானே உட்கார்ந்தேன். நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றுகூட ஒருநாள் நினைத்தேன். பயிற்சி முழுவதையும் முடித்தேன். அடுத்த வருடம் தேனியில் எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. புதுச் செருப்பு வாங்கித் தந்து, முதல் நாள் அண்ணனே பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

போன மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில் மதினியைப் பார்த்தேன். அவள்தான் முதலில் வந்து பேசினாள்.

"வேலைக்குப் போறியாமே தாயி? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மதினி. மொத நாளு அண்ணன்தான் கொண்டாந்து விட்டுச்சு."

என் முகத்தைப் பார்த்தாள். "நல்லது," என்றாள். கோயம்புத்தூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியதும் தெரிந்தது. பஸ் கிளம்பும்வரை நின்றேன். பிறகு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.