பிளாஸ்க்கில் ஊறிய கவ்பி

வீட்டில் சமைத்து விற்கிறவனுக்கு முதல் எதிரி வேகாத கவ்பிப் பயறுதான்.

தக்காளி அவசரம்

குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தும் கவ்பி கல்லு மாதிரியே கிடந்தது. வெளியே சந்திரன் அண்ணனின் ஆட்டோ ஹார்ன் அடித்தது. அப்புத்தளை ஸ்டேஷன் பக்கம் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சல் நான்தான் கொடுக்கிறேன். ஓ.எல். பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்பில் ஆரம்பித்த வேலை. போனில் பார்த்துப் படித்த சில்லி என்கிற காரக் குழம்பு: கவ்பி, சோயா மீட், வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், சீரகத்தூள். எண்ணெயும் கொஞ்சம், செலவும் கொஞ்சம். அம்மா தீபாவளி வரைக்கும்தான் தவணை தந்திருந்தார். அதற்குப் பிறகு மாமாவோடு கொழும்புத் துணிக்கடை வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அன்றைக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியிருந்தேன். தக்காளிப் புளிப்பு பட்டால் கவ்பி லேசில் வேகாது. நீங்களும் அவசரப்பட்டு மாட்டியிருப்பீர்கள். வேறு வழியில்லாமல் அப்படியே கட்டிக் கொடுத்தேன். சந்திரன் அண்ணன் ஒரு வாய் மென்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மிச்சம் இருந்தா குடு. நம்ம பாதையில குழி நெறைய கெடக்கு, கொட்டி நெரப்பலாம்."

தேத்தண்ணி

எங்கள் குளிரில் கவ்பி ஊறவும் மாட்டேன் என்கிறது. அதனால் ராத்திரி பிளாஸ்க்கில் போட்டு, கொதிதண்ணி ஊற்றி மூடிவைத்தேன். விடியும்போது பாதி வெந்திருக்கும், விறகும் மிச்சம். அம்மாவின் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லத்தான் இல்லை. பெரட்டுக்கு, காலையில் பேர் பதிகிற இடத்துக்கு, நேரமாச்சு என்று அம்மா வழக்கம்போல் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

தேத்தண்ணி நேரத்தில் மூடியைத் திறந்து, கூடக் கொழுந்து எடுக்கிற பாக்கியம் அக்காவுக்கு முதலில் ஊற்றியிருக்கிறார். சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று, லயத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தேத்தண்ணிக்குக் கடிச்சுக்கிறதுக்கும் சேத்தே போட்டு அனுப்பியிருக்க. நல்ல புள்ளடா நீ."

உப்பு

சந்திரன் அண்ணனுக்குப் பிரஷர். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒரு ஆளுக்கு என்று தனிச் சட்டி வைக்க என்னால் முடியாது. எல்லாருக்கும் குறைத்து, பூண்டைக் கூட்டி, புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தேன். ஹார்ட்வெயார் கடை ரஹீம் நானாவும் என்னிடம் பார்சல் எடுப்பார். இறைச்சி கிடையாது, சோயா மீட்தான் என்பதால் ஹலாலா என்று அவருக்கு யோசனையே இல்லை. அன்றைக்கும் பார்சல் தாளை வழித்துச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "வருத்தம் சந்திரனுக்கு, பத்தியம் எனக்கா மகன்?"

மாமா வந்த நாள்

தீபாவளி முடிந்து மாமா வந்தார். பார்சல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு மாதச் சம்பளத்தில்தான் நம்பிக்கை. என் பையை அவரே கட்டிவைத்தார். மாமாவுக்கு ரொட்டியும் சில்லியும் வைத்தேன். "கடையில ஏசி இருக்குடா" என்றார். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். "பைய எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

"வரல மாமா. நாளைக்கும் பார்சல் சொல்லியிருக்காங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, மாமாவின் தட்டைப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "நீங்க போங்கண்ணே. இவன அனுப்பிட்டு, நாளைக்கு அந்த ஆட்டோக்காரனுங்களுக்கு நானா பதில் சொல்றது?"

பையை எடுக்கச் சொன்னார் மாமா, நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பஸ் போய்விட்டது.