ராஜா இரண்டையும் கீழே வைத்த நாள்

நான். என் வீட்டுக்காரி. மகள். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் சம்மந்தி.

இடம் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. டிபன் முடிந்திருந்தது. கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

பேச்சும் அதைப் பற்றித்தான். மகளுக்குக் கல்யாணமாகி முதல் கார்த்திகை. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெங்களூரில் வேலை. லீவு ஒரு நாள்தான். சம்மந்தி வீடு கீழ்பென்னாத்தூர். மற்ற நாளென்றால் என் லோடு வண்டியில் ஏற்றிப் போய் விட்டுவிடுவேன். தீபத்தன்று இந்தப் பக்கம் வண்டி விட மாட்டார்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்பது நடக்காது. ஏதாவது ஒரு வீடுதான்.

"மருமவ மொத வெளக்க எங்க வீட்லதான் ஏத்தணும். மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல, சம்மந்தி" என்றார் அவர்.

என் வீட்டுக்காரி விடவில்லை. "மலை இங்க இருக்குது. தீபம் இங்க எரியுது. அத உட்டுட்டு உங்க ஊருக்கு எதுக்குண்ணா போவணும்?"

"எங்க மாடியில நின்னாலும் தெரியுது சம்மந்தியம்மா. மலைய என்னா உங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துக்கிறாங்களா?"

மகள் விளக்கு ஏற்றாத கார்த்திகை இந்த வீட்டில் இருந்ததில்லை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டார். பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். "போக்கர் ஆடலாம். எல்லாருமே ஆடலாம். ஆனா கணக்கு அப்பாவுக்கும் மாமாவுக்கும்தான். சோறு வடிக்கிற வரைக்கும் ஆட்டம். ரெண்டு பேர்ல யாருகிட்ட ஜாஸ்தி இருக்குதோ அவங்க வீட்ல தீபம்."

"காசு வச்சீங்கன்னா சீட்டை அடுப்புல போட்டுடுவேன்" என்றாள் வீட்டுக்காரி.

சம்மந்தி தன் நிலத்து மல்லாட்டை ஒரு மூட்டை கொண்டு வந்திருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தோலோடு காய்ந்தது. ஆளுக்கு நூறு எண்ணி வைத்தோம்.

மாப்பிள்ளை ஆட்டத்தைச் சொன்னார். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கையில் இருப்பதும் நடுவில் இருப்பதும் சேர்ந்து யாருக்குப் பெரிதோ அவருக்கு எல்லாம். ஒவ்வொரு திறப்புக்கு முன்னாலும் பின்னாலும் கட்டலாம். கட்டுவதற்கு அளவு கிடையாது. மொத்தக் குவியலையும் தள்ளலாம். வேண்டாமென்றால் சீட்டைக் கீழே வைத்துவிட்டு விலகலாம்.

நான் ஆறாவது வரை படித்தவன். ரம்மி தெரியும். ரம்மியில் நல்ல கை வந்தால் மூச்சு விடக் கூடாது.

மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஆஸ் வந்தது. இதைவிடப் பெரிய கை இல்லை. மூச்சு விடவில்லை. இரண்டே கடலை கட்டினேன். இரண்டுதானே என்று எல்லோரும் வந்தார்கள். நடுவில் ஏழு, நாலு, ஜாக்கி. வீட்டுக்காரி இருபது கட்டினாள். நானும் கட்டினேன். மறுபடி கட்டினாள். மறுபடி கட்டினேன். கடைசியில் அவள் சீட்டைத் திருப்பினாள். ஏழும் நாலும். நடுவில் இருந்ததோடு சேர்ந்து அவளுக்கு இரண்டு ஜோடி, எனக்கு ஆஸ் ஜோடி ஒன்றுதான். என் குவியலில் பாதி போனது.

சம்மந்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்களுக்கு வேலையே இல்ல. வீட்டுக்காரியே கவுத்துட்டாங்க!"

"எனக்கு என்னா தெரியும்? அவரு ரெண்டு கடலை போட்டாரு, நானும் போட்டேன்" என்றாள் அவள்.

மகள் என் பக்கம் சாய்ந்தாள். "ஆஸ வச்சிக்கினு ரெண்டு கட்னா ஊரே உள்ள வரும்பா. அம்மா ஏழு நாலுக்கு எல்லாம் வரக்கூடாது. வர உட்டது நீங்க."

யோசித்துப் பார்த்தேன். லோடு வண்டியிலும் அதுதான். வாடகையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சும்மா விசாரிக்க வந்தவன் போய்விடுவான். ஏற்றி முடித்த பிறகு சொன்னால் வம்பு.

அடுத்த நல்ல கை வரக் காத்திருந்தேன். வராத ஆட்டமெல்லாம் கீழே வைத்தேன். வீட்டுக்காரி எல்லா ஆட்டத்துக்கும் போனாள். என்னிடம் பிடித்ததை எல்லாம் சம்மந்தியிடம் விட்டுவிட்டு உலை வைக்க எழுந்தாள்.

பிறகு இரண்டு ராஜா வந்தது. உடனே பன்னிரண்டு கட்டினேன். மகள் சீட்டைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை வைத்தார். சம்மந்தி மட்டும் வந்தார். நடுவில் ஆஸ், ஒன்பது, நாலு.

சம்மந்தி எப்போதும் பேசுகிற ஆள். பேச்சு நின்றது. முப்பது கட்டினார்.

என் ராஜாக்களைப் பார்த்தேன். நல்ல அழகு. அவரிடம் ஒரு ஆஸ் இருந்தால் இந்த அழகால் பயனில்லை. கீழே வைத்தேன். திறந்தே வைத்தேன்.

"அய்யய்யோ, ராஜா ரெண்டையுமா?" என்று மாப்பிள்ளை எழுந்தே விட்டார்.

சம்மந்திக்குப் பெருமை தாங்கவில்லை. அவரும் திருப்பிக் காட்டினார். ஆஸும் ஜாக்கியும். மகள் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

சோறு கொதிக்கும் வாசனை வந்தது. இன்னும் ஒரு ஆட்டம் இருக்கலாம். நடுவில் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் இரண்டு ஆட்டம் பிடித்திருந்தேன். அப்படியும் சம்மந்தியின் குவியல் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

இரண்டு ராணி வந்தது. பதினைந்து கட்டினேன். மகளும் மாப்பிள்ளையும் வைத்தார்கள். சம்மந்தி முழுக் குவியலையும் இரண்டு கையால் தள்ளினார்.

"ராஜாவையே கீழ வச்சவரு. ராணிய புடிச்சிக்கினா உக்காந்திருக்கப் போறாரு? வைங்க சம்மந்தி, சாப்புடலாம்."

அப்போது நடுவில் ஆஸ் கிடந்தது. அதற்காக வைத்தேன். இப்போது நடுவில் ஒன்றுமே இல்லை. என்னுடையதையும் தள்ளினேன்.

அவர் முகம் மாறியது. சீட்டைத் திருப்பினார். ஆஸ், ராஜா. இரண்டில் ஒன்று நடுவில் விழுந்தாலும் நான் போச்சு.

நடுவில் ஐந்து, எட்டு, ஜாக்கி. நாலாவது சீட்டு இரண்டு.

"வாடா ராஜா, வாடா!" என்று சம்மந்தி தரையைத் தட்டினார்.

கையில் கரண்டியோடு வீட்டுக்காரி ஓடி வந்தாள். "ராணி, அசையாதடி!"

கடைசிச் சீட்டு ஒன்பது.

மகள் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும். குவியலை எண்ண வேண்டிய அவசியமில்லை. பார்த்தாலே தெரிந்தது. சம்மந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சரி, மொற மல்லாட்டையோட போச்சு. மருமவ இங்கயே ஏத்தட்டும். ஆனா எங்க வீட்டுல யாரு மூஞ்சிய பாத்துக்கினு தீபம் கும்புடறது?"

"இங்க வந்துடுங்க" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

"பொண்ணு வீட்லயா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றாள் வீட்டுக்காரி.

தீபத்தன்று சாயங்காலம் மகள் வாசலில் இருந்து மாடி வரைக்கும் அகல் வைத்தாள். மலையில் தீபம் தெரிந்ததும் ஏற்றினாள். நான் மாடியில் நின்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் சம்மந்தியின் குரல் கேட்டது. ஊருக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார். கூடவே அவருடைய வீட்டுக்காரி, தம்பிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும்.

விரதம் விட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். இலை எண்ணிப் போட்டேன்.

பதினேழு.