ஏரிக்கரைக்கு வந்த ட்ரக்

எண்பதுகளில் டல்லாஸில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் தலைவன், பொறியாளனும்கூட. முகாமில் தங்கும் ட்ரெய்லரை இழுக்க எந்தப் பிக்கப் ட்ரக் வாங்கலாம் என்று பலருக்கும் யோசனை சொன்னவன்.

எங்கள் சங்கத்தில் ஒருவர் இருந்தார்; யாழ்ப்பாணத்துப் பல் மருத்துவர், மெலிந்தவர். எதையும் ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்ப்பார். என் வீட்டில் சாய்ந்திருந்த சாமி படத்தையும் அப்படித்தான் நிமிர்த்தினார்.

ஒரு கோடையில் முகாமுக்காகச் சங்கக் குடும்பங்கள் ஏரிக்கரைக்கு முன்னரே போய்விட்டன. நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்புவதாக ஏற்பாடு. மனைவியோடு அவர் தம் புதிய ட்ரக்கில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் என் ட்ரக்கின் பம்பரில் ட்ரெய்லரைப் பூட்டினேன். அரிசி மூட்டையும் கிரைண்டரும் ட்ரெய்லரின் முன்பக்கம் இருந்ததால் ட்ரக்கின் பின்புறம் அமிழ்ந்தது.

அவர் ஒற்றைக் கண்ணை மூடினார். “அண்ணை, உங்கட ட்ரக் நாய் மாதிரிக் குந்திக்கொண்டு நிக்குது.”

“மூட்டையைப் பின்னாடி தள்ளிட்டா சரியாயிடும்.”

“தள்ளினாலும் பம்பர் தாங்காது. என்ர ட்ரக்கில ட்ரெய்லர் கொளுவுற ஹிட்ச் அடிச்சட்டத்தோட பூட்டினது. அதைக் கொண்டு போங்கோ.”

“அப்ப உங்க ட்ரெய்லர்?”

“அது உங்கட வாசல்ல நிக்கட்டும். தலைவர் வராட்டில் சனம் சிரிக்குமெல்லோ?”

ட்ரெய்லர் இல்லாமல் அவர்களுக்கு அங்கே தங்க இடமில்லை. அவர் மனைவி இடியாப்பப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

“பிரசிடென்ட் சார் செலக்‌ஷன்னா சும்மாவா!” என்று ஏரிக்கரையில் ட்ரக்கைத் தட்டிப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

கடைசி நேரத்தில் அவர் நழுவிவிட்டார் என்று இன்றும் சங்கத்தில் சொல்கிறார்கள். அது தவறு. அவர் என் வாசல் வரை புறப்பட்டு வந்தார். சங்கத்தாரே, அன்று நீங்கள் தட்டிப் பாராட்டிய ட்ரக் அவருடையது.