நேர்காணலுக்கு மூன்று பேராகப் போனோம்

ஈரோட்டிலிருந்து கோவை போகும் பஸ்ஸில் என் சேலையெல்லாம் கிரைப் வாட்டர் வாசம்... மடியில் மூன்று மாதக் குழந்தை. அவனுக்கு அடியில் என் மதிப்பெண் சான்றிதழ்கள். பீளமேட்டில் இறங்கும்போது அதில் ஒன்று நனைந்தே போயிருந்தது.

"நல்ல சகுனம் அம்மணி. ஈரம் பட்டாத்தான் வெளையும்" என்றார் நங்கையா.

நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தப் பிள்ளை அவர்தான்.

என் பரீட்சைக் கதை கொஞ்சம் கோணல். பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில் கல்யாணம். பிறகு தனித்தேர்வராக எழுதினேன். கணக்கில் ஃபெயில். மறுபடியும் ஃபெயில். மூன்றாவது தடவை நங்கையா என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. நிறைமாத வயிற்றோடு பெஞ்சுக்குள் நுழைய முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து எழுதினேன்... கிட்டத்தட்ட முழு மார்க்.

விண்ணப்பித்தது ஐந்து வருடக் கணிதப் படிப்புக்கு. சீட் கொஞ்சம், கூட்டம் அதிகம். வராந்தாவில் மற்ற பிள்ளைகள் ஒற்றைச் சான்றிதழோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி என்று தெரிந்தால் கழித்துக் கட்டிவிடுவார்களோ என்று எனக்கு பயம். இதுவும் போனால் அடுத்த வருடம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

குழந்தையை வராந்தாவில் நங்கையாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கணக்குக் கொடுத்தார்கள். போட்டேன். ஒரு சார் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"விட்டு விட்டுப் படிச்சிருக்கீங்களே... அஞ்சு வருஷம் தாங்குவீங்களா?"

நேரம் பார்த்து வெளியே அவன் வீறிட்டான்.

"யார் குழந்தை?" என்று அவர் எழுந்து கதவைத் திறந்தார்.

நங்கையா கண்கூட இமைக்கவில்லை. "என்ற கொழந்தைதானுங்க. பசிங்க, இப்ப அடங்கிருமுங்க."

அவன் அடங்கவில்லை. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேடம் பார்த்துவிட்டார்.

"போய்ப் பசியாத்திட்டு வாம்மா. நாங்க எங்கயும் போகல" என்றார், பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காத குரலில்.

திரும்பி வந்தபோது தாங்குவாயா என்று யாரும் கேட்கவில்லை. மேடம் மட்டும், "குழந்தைய யாரு பாத்துக்குவாங்க?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"நானுங்க."

சீட் கிடைத்தது. ஐந்து வருடமும் இருட்டோடு ரயிலேறி இருட்டோடு திரும்பினேன். அவன் முதல் அடி வைத்ததை நங்கையா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர் மேல் பாசம் அதைவிட அதிகம்.

இப்போது எல்லாமே போனில் முடிந்துவிடுகிறது. வராந்தா இல்லை, காத்திருப்பு இல்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள எதிரில் ஒரு மேடமும் இல்லை.

போன வாரம் அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தான். பாதியில் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏம்மா, அம்மா பேருக்கு ஒரு எடந்தான் உட்டிருக்காங்க. அத்தை பேர எங்க போடறது?"