மப்ளருக்குள் ஒரு பேங்க் இன்ஸ்பெக்டர்

வங்கிகளைச் சோதித்து "நன்றாக நடக்கிறது" என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். சொல்லவே வெட்கம். போன மாதம் நான் அப்படி எழுதிய கரோல் பாக் குட்டி வங்கியின் வாசலில் இன்று நீள வரிசை. வங்கி மூழ்கப் போகிறது என்று பயந்து, மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு, அங்கிருந்த என் சேமிப்பை எடுக்க நானும் நின்றுவிட்டேன்.

முன்னால் நின்றவர், எனக்குத் தெரிந்த கிட்வாய் நகர் மாமா; திரும்பி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பாஸ்புக் எதுக்கு ஓய்? நீரே பணத்தை எடுக்கறீரா?"

"மெதுவா மாமா!"

பேங்க் இன்ஸ்பெக்டரே பணத்தை எடுக்கிறார் என்று மாமா தெருவுக்கே கேட்கும்படி இந்தியில் சொன்னார். வரிசை மொத்தமும் வங்கிக்குள் பாய்ந்தது.

நம்மூர் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், காலைல வரைக்கும் நன்னாதானே இருந்தோம்!"

மதியத்துக்குள் பணம் தீர்ந்து ஷட்டர் இறங்கியது. என் முறை வரவேயில்லை.

அந்த வரிசை, பக்கத்து ரேஷன் கடைப் பாமாயிலுக்கு நின்றதாம். அங்கே இப்போது கூட்டமே இல்லை. யாருக்காவது வேண்டுமா?