தண்ணீர் ஊற்றிய நாளில் வாசலோடு நின்றது

மாகறலில் தங்கை வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பெரிய மகளுக்கு அம்மை இறங்கி, அன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தாய்மாமன் புதுத்துணி கொண்டுவந்து தன் கையால் அவள் தோளில் போட வேண்டும். உத்திரமேரூரிலிருந்து துணியோடு வந்த நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய டி செல்களே என் விரல் மூட்டுகளைத் தாக்குகின்றன. டாக்டர் ஒருமுறை விளக்கினார். டி செல் தன் இலக்கை அடையாளம் கண்டால் மட்டும் போதாது. அதைக் காட்டித் தருகிற செல்லிடமிருந்து இன்னொரு சமிக்ஞையும் வர வேண்டும். இணைத் தூண்டல் என்றார். இரண்டும் சேர்ந்தால்தான் அது விழித்துப் பெருகும். முதலாவது மட்டும் வந்தால் அடங்கிப்போகும். நான் வாரந்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசி அந்த இரண்டாவதை மறிக்கிறது. இப்போது பேனா பிடிக்க முடிகிறது. ஆனால் நிஜமான கிருமி வந்தாலும் எதிர்ப்பு எழுவது மந்தம்தான். எனக்குச் சிறுவயதில் அம்மை வந்ததில்லை என்பதால், அம்மை கண்ட வீட்டுக்குள் போகவே கூடாது என்றிருந்தார். தங்கையின் சின்ன மகளுக்கு முந்தின நாள்தான் கொப்புளம் எழுந்திருந்தது.

இதை அந்த வாசலில் எப்படிச் சொல்வது? வந்திருப்பவள் ஆத்தா. தொற்று என்று சொன்னால் அவளையே நோய் என்றதாகிவிடும்.

"இன்னா மச்சான், ரோட்லயே நின்னுக்கினு கீறீங்க?" என்றார் தங்கையின் கணவர். "ஆத்தா வந்த வூட்டுக்குள்ள வர கூச்சமா?"

"ஊசி போட்டுக்கினு கீறேன் மாப்ள. ஒடம்புல எதிர்ப்பு கிளம்பணும்னா ரெண்டு உத்தரவு வரணும். இந்த ஊசி ஒண்ண நிறுத்திடுது."

"அப்ப உங்க ஒடம்பும் தாலுக்கா ஆபீஸ்தான். ரெண்டு கையெழுத்து இல்லாம ஃபைலு நவுராது!"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல வருடம் சுகாதாரச் செய்தி எழுதியவன், ஊசியைச் சொன்னேனே தவிர, எதற்குப் பயப்படுகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

ஈரத்தலையோடு பெரியவள் கதவோரம் வந்து, "இன்னா கலரு மாமா?" என்றாள். ஓரடி பின்னால் நகர்ந்தேன். தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"மதில் மேல வெச்சிடுண்ணா."

வைத்தேன். துணியை எடுத்துப்போய் அவளே மகளின் தோளில் போட்டாள். சிரிப்பு நின்றிருந்தது.

அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அன்று அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன்.